எழுதியவர் இல்லாத நிரல்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "நிரல் எழுதுகிறேன்" என்று சொல்ல இப்போதெல்லாம் வாய் தயங்குகிறது. எழுதுவது பெரும்பாலும் நான் இல்லை. என்ன வேண்டும் என்று இரண்டு பத்திகளில் சொல்கிறேன். ஏஐ கருவி கோப்புகளைத் திறந்து பார்க்கிறது, தேடுகிறது, எழுதுகிறது, நிரல் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட்டுகளை ஓட்டுகிறது, தோல்வியைக் காட்டும் சிவப்பு விழுந்தால் தானே திருத்துகிறது. கடைசியில் பத்துப் பதினைந்து கோப்புகளில் கைவைத்துவிட்டு, செய்ததை அழகான சுருக்கமாக என் முன் வைக்கிறது. அந்தச் சுருக்கத்தை நம்பாமல் மாறிய ஒவ்வொரு வரியையும் படிப்பதுதான் இன்றைக்கு என் வேலை. வாசகன் என்றே சொல்லிக்கொள்ளலாம். சம்பளம் வாங்கும் வாசகன்.

இந்த நிலைக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தபோது, நாம் தொடங்கிய வரியை அது முடித்துவைத்தது, அவ்வளவுதான். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. கேட்டோம், வெட்டினோம், ஒட்டினோம். சில நாட்களிலேயே, நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், அதிலிருந்து எடுத்த விடைகளைப் பதிவிடக் கூடாது என்று தடை போட்டது. பார்வைக்குச் சரியாகத் தோன்றி உள்ளே தவறாக இருந்த விடைகள் அத்தனை வேகமாகக் குவிந்தன. பிறகு, கொடுத்த வேலையைத் தாமே படிப்படியாகச் செய்துமுடிக்கும் ஏஜென்ட்டுகள் வந்தன. 2023இல் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய பன்னிரண்டு திறமூலத் திட்டங்களிலிருந்து 2,294 உண்மையான பிரச்சினைகளைத் திரட்டி, எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற தேர்வை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். முதல் ஆய்வில் முன்னணியில் வந்த ஏஐ மாடலே 2 சதவீதத்தை எட்டவில்லை. 2025இல், அந்தத் திரட்டிலிருந்து மனிதர்கள் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த 500 பிரச்சினைகளில் 70 சதவீதத்துக்கு மேல் தீர்க்கும் மாடல்கள் வந்துவிட்டன. தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் என் மேசையிலும் அந்த வேறுபாடு தெரிகிறது.

பிறர் எழுதியதைப் படிப்பது எழுதுவதைவிட எளிது என்று நினைப்பவர்கள், இன்னொருவருடைய பழைய நிரலைத் திருத்தும் வேலையில் மாட்டியிருக்க மாட்டார்கள். நானே எழுதும்போது ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் சின்னச் சின்னக் கேள்விகள் எழும். இந்த மதிப்பு காலியாக வந்தால் என்ன ஆகும்? பட்டியலில் லட்சம் பதிவுகள் இருந்தால்? இதே நொடியில் இன்னொருவர் இதே பதிவை மாற்றினால்? விரல்களின் வேகம் குறைவு என்பதால் மனதுக்கு அவற்றைக் கேட்க நேரம் கிடைத்தது. முடிந்துபோன நிரலைப் படிக்கும்போது விடைகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. கேட்கப்படாமலேயே விடுபட்ட கேள்வி எது என்பதைப் படிப்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் விஷயமே இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் பணம் வசூலிக்கும் வெளிச் சேவை ஒன்றை எங்கள் மென்பொருள் அழைக்கிறது. சில நேரங்களில் பதில் வராமல் காலக்கெடு முடிந்துவிடும். பயனருக்குப் பிழைச் செய்தி போகும். காலக்கெடு முடிந்தால் மறுபடி முயலும்படி மாற்றச் சொல்லி, குழுவில் ஒருவர் கருவியிடம் கொடுத்தார். வந்த நிரல் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மூன்று முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் இடையிலான இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகிறது. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே நொடியில் போய் மோதாமலிருக்க இடைவெளியில் சிறிது தற்செயல் வேறுபாடு. ஒவ்வொரு தோல்விக்கும் லாக் எனும் நிகழ்வுப் பதிவேட்டில் குறிப்பு. டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சை. பாடநூலில் அச்சிடலாம்.

ஆனால் பதில் வரவில்லை என்றால் வசூல் நடக்கவில்லை என்று பொருளாகாது. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணம் எடுக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அனுப்பினால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போகும். இதைத் தவிர்க்கத்தான் இத்தகைய சேவைகள் ஒவ்வொரு கோரிக்கையோடும் ஐடெம்பொடென்சி கீ என்ற தனித்த சாவியை ஏற்கின்றன. அதே சாவியோடு இரண்டாவது முறை கோரிக்கை வந்தால் புதிதாக வசூலிக்காது. முதல் முறை தந்த பதிலையே திருப்பித் தரும். அப்படியென்றால் முயற்சிகள் அனைத்துக்கும் சாவி ஒன்றாகவே இருக்க வேண்டும். முயற்சியைத் திரும்பத் திரும்ப நடத்தும் நிரல் வளையத்துக்கு வெளியே, ஒரே ஒரு முறைதான் அதை உருவாக்க வேண்டும். கருவி எழுதிய நிரலில் சாவி இருந்தது. வளையத்துக்கு உள்ளே இருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் புத்தம் புதிய சாவி. பாதுகாப்பு இருப்பது போன்ற தோற்றம் மட்டும் கச்சிதம்.

இதைப் பிடித்தவர், பணப் பரிமாற்றப் பகுதியை நெடுங்காலம் கவனித்துவரும் ஒரு மூத்தவர். "இந்த வரி எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்று மட்டும், நிரலைச் சக ஊழியர்கள் படித்துச் சரிபார்க்கும் ரிவ்யூவில் எழுதியிருந்தார். சுவையான விஷயம் அதற்குப் பிறகுதான். அதே கருவியிடம், இதில் இரண்டு முறை வசூலாக வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டோம். உடனே கண்டுபிடித்தது, காரணத்தைத் தெளிவாக விளக்கியது, வரியை வெளியே எடுத்து வைத்தது. அதற்குத் தெரியாத விஷயம் இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது மட்டும் மனிதருக்கு. இப்போது ஒரு கருவி எழுதியதை இன்னொரு கருவியைக் கொண்டு ரிவ்யூ செய்கிறோம். பத்துக் கருத்துகள் சொன்னால் ஏழு வெறும் அலங்காரம், இரண்டு தவறானவை, ஒன்று பொன். அந்த ஒன்றுக்காக மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்தையும் படிப்பது யார்? அதற்கும் நான்தான்.

இதெல்லாம் வேலையை வேகப்படுத்துகிறதா என்று மேலதிகாரிகள் கேட்கிறார்கள். கையில் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டும் எதிரெதிராகப் பேசுகின்றன. கோபைலட்டை வைத்து நடந்த ஒரு சோதனையில் 95 நிரலாளர்களிடம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஒரு எச்டிடிபி சர்வர் எழுதச் சொன்னார்கள். கருவி வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். கோபைலட்டை விற்கும் தரப்பின் ஆய்வாளர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூலையில் எம்இடிஆர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்டது வேறு கதை. அனுபவமுள்ள திறமூல நிரலாளர்கள் 16 பேர், தாங்களே பல ஆண்டுகள் உழைத்த பெரிய திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். சிலவற்றுக்குக் கருவி அனுமதி, சிலவற்றுக்கு இல்லை. எதற்கு எது என்பது குலுக்கல் முறையில். கருவியால் நேரம் 24 சதவீதம் குறையும் என்று முன்கூட்டிக் கணித்தார்கள். முடித்த பிறகு, 20 சதவீதம் குறைந்தது என்று சொன்னார்கள். கடிகாரம் காட்டியதோ, 19 சதவீதம் அதிகமானது என்று.

இரண்டு முடிவுகளும் எனக்கு வியப்பளிக்கவில்லை. வெற்றுத் தாளிலிருந்து, உலகமே ஆயிரம் முறை எழுதிய ஒன்றை எழுதச் சொன்னால் கருவி பறக்கும். பல லட்சம் வரிகள் கொண்ட, பல ஆண்டுகளின் சமரசங்கள் படிந்த திட்டத்தில், அதைக் கரைத்துக் குடித்த ஒருவர் பக்கத்தில் கருவியை உட்காரவைத்தால், கருவிக்கு விளக்கும் வேலையும் அது தந்ததைத் திருத்தும் வேலையும் அவருக்குக் கூடுதலாகச் சேர்கிறது. அந்த 16 பேர் பயன்படுத்தியவை 2025இன் தொடக்கத்தில் கிடைத்த கருவிகள். அதற்குள் அவை பழையதாகிவிட்டன. ஆகவே 19 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. எனக்கு அதில் உறைத்தது வேறு. அத்தனை அனுபவசாலிகள் தங்கள் வேகத்தைத் தாங்களே அளக்க முடியாமல் போனார்கள். ஏன் என்று என் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறேன். தட்டச்சு செய்வதும் தலையைப் பிய்த்துக்கொள்வதும் உழைப்பாகத் தெரிகின்றன. கருவி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அது தந்ததை மேய்வதும் ஓய்வாகத் தெரிகின்றன. களைப்பு குறைந்ததை நேரம் குறைந்ததாக மனம் எழுதிக்கொள்கிறது.

அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இந்தக் கருவிகள் இன்னும் வேகமாகும்; அதில் எனக்கு ஐயமில்லை. நான் கவலைப்படுவது வேகத்தைப் பற்றி இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினியியலாளர் பீட்டர் நௌர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரலாக்கத்தின் விளைபொருள் நிரல் வரிகள் என்று நாம் எண்ணுகிறோம். அது பிழை என்றார். உண்மையில் உருவாவது, அந்த மென்பொருள் உலகின் எந்தப் பகுதியை எப்படிக் கையாள்கிறது, ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது, புதிதாக ஒன்று வேண்டுமென்றால் எங்கே பொருத்துவது என்பது பற்றி எழுதியவர்களின் தலைக்குள் உருவாகும் கோட்பாடு. நிரலும் ஆவணங்களும் அதன் நிழல். அவர் தரும் சான்று இதுதான்: மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றை ஒரு குழு உருவாக்குகிறது. அதைச் சற்றே விரிவாக்கப்பட்ட மொழிக்காக இன்னொரு குழு வாங்கிக்கொள்கிறது. முழு நிரலும் கையில் இருக்கிறது. விரிவான ஆவணங்கள் இருக்கின்றன. கேட்டால் சொல்ல முதல் குழுவினரும் இருக்கிறார்கள். இருந்தும் இரண்டாம் குழு முன்வைத்த மாற்றங்கள் பல, அந்தக் கட்டமைப்பிலேயே இருந்த வசதிகளைக் காணாமல் மேலே ஒட்டுப் போடுபவையாக இருந்தன. முதல் குழுவினர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டு, கட்டமைப்புக்குள்ளேயே எளிய வழியைக் காட்டினார்கள். அந்தக் கோட்பாட்டைத் தலையில் வைத்திருந்த குழு கலையும்போது மென்பொருள் இறக்கிறது என்பது நௌரின் வாதம். அதற்குப் பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அறிவோடு அதை மாற்ற ஆள் இருக்காது.

நௌர் பேசியது, ஒருகாலத்தில் ஒருவர் தலையில் இருந்து பிறகு தொலைந்துபோன கோட்பாட்டைப் பற்றி. இன்று நாம் செய்துகொண்டிருப்பது அவர் யோசித்திராத ஒன்று: யார் தலையிலும் ஒருபோதும் இருந்திராத நிரலை நேரடியாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோகிறோம். கருவி அந்த அமர்வில் ஏதோ ஒரு விதத்தில் யோசித்திருக்கலாம். இந்த வழியை எடுத்தது, அந்த வழியை விட்டது, ஒரு டெஸ்ட் தோற்றதைப் பார்த்துப் பாதை மாறியது. சன்னலை மூடியதும் அதெல்லாம் போய்விடுகிறது. அடுத்த அமர்வில் வருவது அதே பெயரில் வரும் புதிய ஆள். நேற்று தான் எழுதியதையே யாரோ எழுதியதைப் போல முதலிலிருந்து படிக்கும்.

ரிவ்யூவில் "ஏன் இப்படி?" என்று கேட்டால் முன்பெல்லாம் ஒரு கதை வரும். "அந்தச் சேவை நள்ளிரவில் பழைய தரவைத் தருகிறது, அதனால்தான் இரண்டு முறை படிக்கிறேன்" என்பார்கள். சில சமயம் அந்தக் கதை தவறாக இருக்கும். அதைத் திருத்தும்போது இருவருமே கற்றுக்கொள்வோம். இப்போது சில நேரங்களில் வரும் பதில், "அது அப்படித்தான் தந்தது, டெஸ்ட் எல்லாம் ஓடுகிறது." இன்னும் மோசமானது, என் கேள்வியைக் கருவியிடம் கொடுத்து வாங்கிய நான்கு பத்தி விளக்கத்தை அப்படியே ஒட்டுவது. விளக்கம் மென்மையாகவும் மரியாதையாகவும் இருக்கும். எதிரில் ஆள் இருக்க மாட்டார். இத்தகைய புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கைகளை, நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். எழுதியது யார் என்று கேட்பதில்லை. வெண்பலகை முன்னால் நின்று விளக்க முடியுமா என்று கேட்கிறேன். முடிந்தால், அந்த வரிகளை எந்த இயந்திரம் தட்டச்சு செய்தது என்பது எனக்குப் பொருட்டே இல்லை. இதனால் குழுவில் எனக்குப் பழைய பஞ்சாங்கம் என்று பெயர் கிடைத்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

பழைய பஞ்சாங்கங்களை மடக்க எப்போதும் எடுத்துவரப்படும் வாதம் கம்பைலர். ஜான் பேக்கஸின் குழு 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழிக்கான கம்பைலரை வெளியிட்டபோது, இயந்திர மொழியில் கையால் எழுதிப் பழகியவர்கள் அது உருவாக்கும் நிரலின் திறனைச் சந்தேகித்தார்கள். பிறகு எல்லாரும் மாறினார்கள்; இன்று கம்பைலர் தரும் இயந்திர மொழியை யாரும் படிப்பதில்லை. அதைப் போலத்தான் இதுவும், ஆங்கிலத்திலோ தமிழிலோ சொன்னால் போதும், நடுவில் இருக்கும் நிரலைப் படிப்பது வீண் வேலை என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஏஐ ஆய்வாளர் ஆண்ட்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தது இதன் உச்ச வடிவத்துக்குத்தான்: நிரல் இருப்பதையே மறந்துவிட்டு, வருவதை ஏற்றுக்கொண்டு போவது. வார இறுதி விளையாட்டுத் திட்டங்களுக்கு மோசமில்லை என்றுதான் அவரும் சொன்னார். அந்தப் பின்குறிப்பு பரவவில்லை.

கம்பைலர் ஒப்புமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே மூல நிரலைக் கம்பைலரிடம் இரண்டு முறை கொடுத்தால் ஒரே பொருளுடைய இயந்திர மொழிதான் வரும். மொழிக்கு வரையறை இருக்கிறது, அதை மீறினால் அது கம்பைலரின் பிழை. நாம் ஒரு பத்தியில் சொல்லும் விருப்பத்துக்கு அப்படி வரையறை கிடையாது. இரண்டு முறை கேட்டால் இரண்டு விதமாக வரும், இரண்டும் நாம் சொன்னதற்குப் பொருந்தும். இதைவிட எனக்கு வேடிக்கையாகப் படுவது நம் கோப்பு வைப்பு முறைதான். கம்பைலரைப் பயன்படுத்தும்போது மூலத்தைச் சேமிக்கிறோம், விளைவைத் தூக்கி எறிகிறோம். வேண்டும்போது மறுபடி உருவாக்கிக்கொள்கிறோம். ஏஐயைப் பயன்படுத்தும்போது விளைவைச் சேமிக்கிறோம், நாம் என்ன கேட்டோம் என்ற மூலத்தைத் தூக்கி எறிகிறோம். நிரல் மட்டும், மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் அமைப்பில் நிற்கிறது. அதை வரவழைத்த உரையாடல் யாருடைய மடிக்கணினியிலோ அழிந்துபோகிறது. மூலத்தைத் தொலைத்துவிட்டு இயந்திர மொழியை மட்டும் பாதுகாத்த நிறுவனம் எதுவும் பெருமையோடு அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும், நிறைய இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் எழுதப்பட்ட திட்டத்துக்குள் அரை நாளில் நுழைந்து வெளியே வர முடிகிறது. கனமான லாகைக் கொடுத்து, எந்தக் கணத்தில் போக்கு மாறியது என்று கேட்க முடிகிறது. பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரி ஒன்றின் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது நூறு இடங்களில் ஒரே மாதிரியான திருத்தம் செய்யும் சலிப்பு என்னை விட்டுப் போயிற்று. திரும்பி வர வேண்டாம். ஒருமுறை ஓட்டித் தூக்கி எறியும் சிறு ஸ்கிரிப்டுகளை முன்பு எழுத மனமில்லாமல் கண்ணால் சரிபார்ப்பேன். இப்போது ஸ்கிரிப்ட் எழுதவைக்கிறேன். தேதிகளைக் கையாளும் நிரலுக்கு, கோடைக்கால நேர மாற்றத்தால் 23 மணி நேரமும் 25 மணி நேரமும் ஆகிவிடும் நாட்களையெல்லாம் சேர்த்து டெஸ்ட் தரவு உருவாக்கச் சொன்னால், சலிக்காமல் தருகிறது. அந்தப் பொறுமை எனக்கு என்றுமே இருந்ததில்லை.

ஆவணங்களுக்கு வந்த வாழ்வையும் குறிப்பிட வேண்டும். எத்தனையோ காலம், திட்டத்தின் விதிகளை எழுதிவையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை, எதற்கு எழுத வேண்டும் என்பார்கள். இன்று ஒவ்வொரு திட்டத்தின் வாசலிலும் ஏஜென்ட்டுக்கான குறிப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. பெயரிடும் முறை, எந்தக் கோப்புறையைத் தொடக்கூடாது, டெஸ்ட்டை எந்தக் கட்டளையால் ஓட்டுவது, தொகைகளை ஏன் துல்லியம் தவறக்கூடிய மிதவைப் புள்ளி எண்ணாக வைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மனிதச் சக ஊழியர்களுக்காக எழுதத் தயங்கியதை இயந்திரத்துக்காக ஓடோடி எழுதுகிறோம். புதிதாகச் சேரும் ஆட்களும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். வருத்தப்படுவதா, மகிழ்வதா என்று தெரியாமல் மகிழ்ந்துகொள்கிறேன்.

டெஸ்ட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிரலையும் அதைச் சோதிக்கும் டெஸ்ட்டையும் ஒரே அமர்வில் ஒரே கருவி எழுதினால், இரண்டிலும் ஒரே தவறான புரிதல் இருக்கும். ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். மேலே சொன்ன வசூல் நிரலின் டெஸ்ட்டில், உண்மைச் சேவைக்குப் பதிலாக நின்ற போலிச் சேவை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டது. சாவி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. பச்சையாக ஒளிர்ந்ததற்குக் காரணம் அதுதான். தோற்கும் டெஸ்ட்டைச் சரிசெய் என்று சொன்னால், நிரலை விட்டுவிட்டு டெஸ்ட்டின் எதிர்பார்ப்பை மாற்றிவைக்கும் கருவிகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே டெஸ்ட் கோப்புகளில் வரும் மாற்றங்களைத்தான் முதலில் படிக்கிறேன். முன்பெல்லாம் நுனிப்புல் மேய்ந்துவிட்டுப் போகும் பகுதி அது.

பாதுகாப்பு தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். இல்லாத லைப்ரரிகளை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் இந்த மாடல்களுக்கு உண்டு. 2025இல் வெளியான ஓர் ஆய்வு 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் மாதிரிகளை உருவாக்கிப் பார்த்தது. நிறுவிக்கொள்ளும்படி பரிந்துரைக்கப்பட்ட பேக்கேஜ்களில், அதாவது லைப்ரரிப் பொதிகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகிலேயே இல்லாதது. கட்டணச் சேவையாகக் கிடைக்கும் மாடல்களில் விகிதம் இதைவிட வெகு குறைவு. பெயர் இல்லாவிட்டால் நிறுவும்போது பிழை வரும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அதே கேள்விக்கு அதே பொய்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பெயரைக் கவனித்து, தீய நிரலை அதே பெயரில் யாராவது பதிவேற்றிவிட்டால், நாளைக்கு நிறுவும்போது பிழை வராது. அதனால் புதிய பேக்கேஜ் எதையும் ஏஜென்ட் தானாக நிறுவ எங்கள் குழுவில் அனுமதி இல்லை.

இளையவர்களைப் பற்றி வருவோம். மூத்தவருக்கு வளையத்தின் உள்ளே இருந்த அந்த ஒரு வரி ஏன் கண்ணில் உறுத்தியது? பல ஆண்டுகள் தானே எழுதி, உடைத்து, நள்ளிரவில் எழுந்து சரிசெய்த பழக்கம். படிக்கும் கண் எழுதிய கையிலிருந்து வந்தது. 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர், தானியங்கி ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை முன்வைத்து இதைச் சொல்லிவிட்டார். எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. மனிதருக்குக் கண்காணிப்பும், இயந்திரம் கைவிடும் அரிய நேரத்தில் தலையிடுவதும் மிஞ்சுகின்றன. அந்த அரிய நேரத்துக்குத் தேவையான திறமையோ, தினமும் கைப்படச் செய்தால்தான் நிலைக்கும். எங்கள் துறையில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த ஆலைகளில் திறமை மங்கும் அபாயம். இங்கே அது முளைக்கவே இடமில்லாமல் போகும் அபாயம். புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்கும் சின்னச் சின்ன வேலைகள்தான் கருவி மிக நன்றாகச் செய்யும் வேலைகளும்.

என்னோடு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இதற்குத் தானாக ஒரு வழி கண்டிருக்கிறார். கருவியிடம் கொடுப்பதற்கு முன்னால், தான் எதிர்பார்க்கும் தீர்வை ஒரு தாளில் பத்து வரியில் எழுதிக்கொள்கிறார். வந்தபிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார். எங்கே வேறுபடுகிறதோ அங்கே நிற்கிறார். "பாதி நாள் அதுதான் சரி, சார். மீதி நாள் நான் சரி. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் போகிறது" என்றார். அவருடைய வேகம் குழுவின் சராசரியைவிடக் குறைவு. மாத அறிக்கையில் அது சிவப்பாகத் தெரிகிறது. அந்தச் சிவப்புக்கு விளக்கம் எழுதும் வேலையை நான் மனமுவந்து செய்கிறேன். நிறுவனங்கள் இந்த வேகக் குறைவுக்கு இடம் தராவிட்டால், சில ஆண்டுகளில் ரிவ்யூ செய்ய ஆள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எந்த அறிக்கையிலும் விடை இருக்காது.

படிக்கும் சுமை எவ்வளவு கனமானது என்பதைத் திறமூலத் திட்டங்களை நடத்துபவர்கள்தான் எங்களுக்கு முன்பே உணர்ந்தார்கள். இணையத்தில் தரவு பரிமாறும் கர்ல் கருவியை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐயைக் கொண்டு எழுதி அனுப்பப்படும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பற்றிப் பல முறை பொருமியிருக்கிறார். ஒவ்வோர் அறிக்கையும் நீளமாக, ஒழுங்காக, உண்மை போலவே இருக்கும். பொய் என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். 2026 ஜனவரியோடு, பிழை கண்டு சொல்பவர்களுக்குப் பரிசுப் பணம் தரும் ஏற்பாட்டையே அத்திட்டம் நிறுத்திக்கொண்டது. அதே ஸ்டென்பெர்க்குக்கு 2025இல் ஓர் ஆய்வாளர், ஏஐ பகுப்பாய்வுக் கருவிகளைக் கொண்டு கண்ட பிழைகளின் பட்டியலை அனுப்பினார். அதில் பல உண்மையானவை. ஸ்டென்பெர்க் பாராட்டித் திருத்தினார். தான் அனுப்புவது என்ன என்று புரிந்து அனுப்பும் ஆள் நடுவில் இருந்தார். இரண்டு சம்பவங்களுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

எழுதும் இன்பம் போய்விட்டதா என்று ஒரு நண்பர் கேட்டார். கொஞ்சம் போயிருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு சிக்கலான செயற்கூறை நாள் முழுக்க உருட்டி, மாலையில் அது சட்டென்று பாதியாகச் சுருங்கும்போது கிடைத்த மகிழ்ச்சி, பிறர் எழுதியதைச் சுருக்கும்போது வருவதில்லை. இப்போதும் வாரத்தில் ஒரு பொழுது கருவியை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பகுதியைக் கையால் எழுதுகிறேன். பயிற்சிக்காக என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை.

தற்போது எங்களுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. கருவியோடு நடந்த உரையாடலின் சாரத்தை, அதாவது என்ன கேட்டோம், எதை நிராகரித்தோம், எந்த அனுமானத்தில் ஏற்றுக்கொண்டோம் என்பதை, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதும் கமிட் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்கிறேன். உரையாடல் முழுவதையும் கோப்பாகச் சேமித்துவிடலாம், சாரம் எழுதுவது நேர விரயம் என்கிறார் இன்னொருவர். முழு உரையாடலை யாரும் படிக்கப் போவதில்லை, அதைச் சுருக்க மறுபடி கருவியைத்தான் கூப்பிடுவீர்கள் என்றேன். சாரத்தையும் கருவியே எழுதட்டுமே என்று மூன்றாமவர் கேட்டார். அது எழுதும் சாரத்தில் நாம் எதை நிராகரித்தோம் என்பது இருக்கும், ஏன் என்பது இருக்காது என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் தோற்பேன் போலிருக்கிறது. என் கமிட்களில் மட்டுமாவது கையால் எழுதிக்கொள்வேன்.